ஒரு சோதனையும் சில பழிகளும்

பிறக்காமலே இறந்த சிசுக்களின் ஈரலிலிருந்து தொடங்குகிறது இந்த வரலாறு.

1906ஆம் ஆண்டு பெர்லினில் ஆகஸ்ட் வாஸர்மனும் அவருடைய கூட்டாளிகளும் சிபிலிஸ் எனப்படும் மேகநோயைக் கண்டறிய ஓர் இரத்தச் சோதனையை வெளியிட்டனர். நோய்க்கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க இயலவில்லை. ஆகவே, அந்நோய் கண்டு கருவிலேயே மடிந்த சிசுக்களின் ஈரற்சாற்றைப் பயன்படுத்தினர். அதில் மலிந்திருக்கும் கிருமியை நோயாளியின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் என்று எண்ணினர். சோதனை பலித்தது.

ஆனால் விரைவிலேயே ஒரு விந்தை வெளிப்பட்டது. நோயே அண்டாத திசுவின் சாறும் அதே விடையைத் தந்தது. எதிர்ப்பொருள் பற்றியது கிருமிக்கே உரிய ஒன்றையன்று; உடலின் இயல்பான திசுக்களிலும் இருக்கும் ஒரு கொழுப்பை. 1941இல் அமெரிக்காவின் மேரி பாங்போர்ன் மாட்டின் இதயத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் 'கார்டியோலிபின்' என்று பெயரிட்டார்.

மேகநோய் அக்காலத்தில் ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பும்கூட. அமெரிக்காவில் 1935இல் கனெக்டிகட் மாநிலம் திருமணத்திற்கு முன்பும், 1938இல் நியூயார்க் மாநிலம் கர்ப்பிணிகளுக்கும் இரத்தச் சோதனையைக் கட்டாயமாக்கின. சோதனை பரவப் பரவ, நோயில்லாதவர்களும் நோயாளிகள் ஆயினர். 1952இல் மூர், மோர் என்னும் மருத்துவர்கள் இத்தகையோரை ஆராய்ந்து இரு வகையாகப் பிரித்தனர். மலேரியா போன்ற தொற்றுக்குப் பின் தோன்றிச் சில மாதங்களில் மறையும் பொய்விடை ஒருவகை. ஆண்டுக்கணக்கில் நீடிப்பது மற்றொன்று. இவ்வகையினரில் பெரும்பாலோர் பெண்கள். சிலருக்கு லூபஸ் நோயும் இருந்தது.

1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் குழுவினர் கார்டியோலிபின் எதிர்ப்பொருளை நுட்பமாக அளக்கும் முறையை உருவாக்கினர். தொற்றால் எழுந்து மறைபவை பெரும்பாலும் தீங்கற்றவை. நீடிப்பவையோ குருதியை உறையச் செய்யலாம். நஞ்சுக்கொடியின் வளர்ச்சியைக் கெடுக்கலாம். கரு மீண்டும் மீண்டும் கலையலாம். மேகநோயும் கருவைக் கலைப்பதே. எனவே, குழந்தையை இழந்த ஒருத்தியின் குருதி மேகநோய் என்று சொன்னபோது, அதை ஐயுறுவது எளிதாக இருந்திருக்காது.

1997இல் லண்டனில் இத்தகைய பெண்கள் தொண்ணூறு பேரிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினருக்கே உயிருள்ள குழந்தை பிறந்தது. ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 71 சதவீதம்.

பொய்விடை என்று ஒதுக்கப்பட்டது, உண்மையில் இன்னொரு நோயின் அறிகுறி. அதை அறியாத அரை நூற்றாண்டில் கருவையும் இழந்து, பழியையும் சுமந்த பெண்கள் எத்தனை பேரோ! மருத்துவ வரலாற்றில் வாஸர்மனின் பெயர் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் இல்லை.