சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்: காஞ்சி வட்டாரக் கழிமுகங்களில்

சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் என்பது சிறுமீன், இறால், புழு ஆகியவற்றின் வடிவில் மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்தெடுக்கும் தூண்டில் இரை. ஈயத் தலை வைத்த முள்ளில் அதைக் கோத்து வீச வேண்டும். அந்த முள்ளைத் தூண்டில்காரர்கள் ஜிக் ஹெட் என்பார்கள். தண்ணீரில் விழுந்த இரை தானாக எதுவும் செய்யாது. பிடிப்பவரின் மணிக்கட்டும் நீரோட்டமும்தான் அதற்கு உயிர் கொடுக்கின்றன. உப்பும் நன்னீரும் கலக்கிற கழிமுகங்களில் கொடுவா, செப்பிலி, பாறை, சீலா போன்ற வேட்டை மீன்களைப் பிடிக்க இது நல்ல வழி. உயிர் இறாலைத் தேடி அலைய வேண்டாம், அதைக் காப்பாற்றி வைக்கவும் வேண்டாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2019 வரை கடற்கரை இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம் எல்லாம் அதன் பங்குக்குப் போய்விட்டன. ஆனால் கோடு போட்டுப் பிரித்தாலும் தண்ணீர் பிரியாது. காஞ்சி நகரை ஒட்டி ஓடும் வேகவதி பாலாற்றில் கலக்கிறது. பாலாறு வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. காஞ்சிக்காரர் ஒருவர் கழிமுகத்தில் தூண்டில் போட நினைத்தால் இன்றும் போகும் இடங்கள் பாலாற்று முகத்துவாரமும் முட்டுக்காடும், இன்னும் தெற்கே முதலியார்குப்பம் கழியும்தான்.

தோற்றம்

இந்த வகை இரை அமெரிக்காவில் பிறந்தது. ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் வினைல் பிளாஸ்டிக்கை உருக்கி மண்புழு வடிவில் வார்த்தார். அதுவரை ரப்பரில் செய்த புழுக்கள் விறைப்பாக இருந்தன. இது கையில் எடுத்தால் துவண்டது, தண்ணீரில் போட்டால் நெளிந்தது. நன்னீர் மீனுக்காக வந்த பொருள் பிறகு சுருள் வால், துடுப்பு வால் என்று வடிவம் மாறிக் கடலோரத்துக்கும் இறங்கியது. கழிமுகங்களில் இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவர்கள் பாராமுண்டி என்று கொண்டாடுவதும் நம் கொடுவாவும் ஒரே இனம்.

காஞ்சி பெயர் பெற்ற பட்டுக்கும் தூண்டிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நைலான் 1938இல் அறிவிக்கப்படும் முன், மேலை நாடுகளில் தூண்டில் கயிறு பட்டு நூலிலும் பின்னப்பட்டது. முள்ளுக்கு அருகில் கட்டும், மீன் கண்ணுக்குத் தெரியாத நுனி நரம்பைப் பட்டுப்புழுவிலிருந்தே எடுத்தார்கள். கூடு கட்டத் தயாரான புழுவைக் காடியில் ஊறவைத்து, உடலைப் பிளந்து, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்துக் கம்பியாக நீட்டி உலர்த்துவார்கள். ஸ்பெயினின் முர்சியா பகுதி இந்தத் தொழிலுக்குப் பெயர் போனது. இன்று கடையில் சுருளாகத் தொங்கும் நைலான் நரம்பான தங்கூசி அந்தத் தொழிலை முடித்துவைத்தது.

தண்ணீரும் நேரமும்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து லூர் வாங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஓதத்தின் அளவு. ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் கடல் ஆறேழு மீட்டர் ஏறி இறங்கும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். கழிக்குள் போகப் போக அது இன்னும் குறையும். கழியின் வாய் குறுகலாக இருப்பதால் கடலில் நீர் ஏறி முடிந்த பிறகே உள்ளே ஏறி முடியும். துறைமுக ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் சரியான நேரம் தவறிவிடும். கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர் எப்போது திரும்புகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது எந்த அட்டவணையையும் விட மேல்.

டார்வின் பக்கம் பலமான இழுப்புக்காக 20, 25 கிராம் ஈயத்தலை போடுவார்கள். அதையே முட்டுக்காட்டின் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டால் லூர் நேரே சேற்றில் குத்தி நிற்கும். நம் கழிகளுக்கு 3 முதல் 7 கிராம் வரை போதும். வாய்ப் பகுதியில் நீர் வேகமாகப் பாயும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு 10 கிராம் தேவைப்படலாம்.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் மணல்திட்டை உடைத்து வாயைத் திறந்துவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளம் போல வந்தால் பல நாட்களுக்குத் தண்ணீர் செந்நிறமாகவே இருக்கும். அப்போது லூர் வீசுவதில் பயனில்லை. மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, வாய் இன்னும் திறந்திருக்கும் மாதங்களே இதற்கு ஏற்றவை. தை, மாசியை நம்பிப் போகலாம். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் நின்ற கழியில் வேட்டை மீனின் சுறுசுறுப்பும் குறைந்துவிடும்.

எந்த மீனுக்கு எந்த லூர்

கழியில் வாழும் இரை எதுவோ அதைப் போன்ற லூரே சரியான லூர். நிறுவனத்தின் பெயரும் பாக்கெட்டில் போட்டிருக்கும் படமும் இரண்டாம்பட்சம். இந்தக் கரையோரக் கழிகளில் இருளர் பழங்குடியினர் தண்ணீரில் அமர்ந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பறி என்னும் கூடையில் போடுவார்கள். அந்தப் பறியில் கிடக்கும் இறால் விரல் நீளமா, பாதி விரலா, நிறம் வெளுப்பா, பச்சை கலந்ததா என்று பார்த்தால் பையிலிருந்து எந்த லூரை எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மேற்பரப்பில் மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளினால் மீன் வடிவ லூர். சேற்றோரத்தில் இறால் தெறித்தால் இறால் வடிவ லூர்.

துடுப்பு வால் கொண்டதுதான் புதியவருக்கு ஏற்றது. சும்மா சுற்றி இழுத்தாலே வால் அடித்துக்கொள்ளும். அந்த அதிர்வு கலங்கல் தண்ணீரிலும் மீனுக்கு எட்டும். கொடுவாவுக்கு 4 அங்குலம், பொதுவாக எல்லா மீனுக்கும் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். வால் அசையாத குச்சி வடிவ லூர் பழகியவர் கையில்தான் வேலை செய்யும். தெளிந்த தண்ணீரில் சந்தேகம் பிடித்த மீனுக்கு அதுதான் சிறந்தது. சுருள் வால் சின்னப் பாறை மீனுக்கும் கிழங்கானுக்கும் நன்றாகப் பிடிக்கும். இறால் வடிவத்தை மெதுவாக, தரையை ஒட்டி நகர்த்த வேண்டும். வேகமாக இழுத்தால் இறால் என்ற நம்பிக்கை போய்விடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்களைப் பார்க்கிறோம். அவ்வளவு தேவையில்லை. தெளிந்த தண்ணீருக்குச் சாம்பல், ஒலிவப் பச்சை, ஊடுருவித் தெரியும் வெளிர் நிறங்கள். கலங்கலுக்கு வெள்ளை அல்லது கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சள். அந்தி சாய்ந்த பிறகு கறுப்பு, ஏனென்றால் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் கறுப்பின் உருவம்தான் தெளிவாகத் தெரியும். மூன்று நிறமும் இரண்டு அளவும் இருந்தால் ஓர் ஆண்டு ஓட்டிவிடலாம்.

பொருள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான லூர்கள் மென்மையூட்டி கலந்த பி.வி.சி.யால் ஆனவை. டி.பி.இ. என்னும் இழுவைத் தன்மை மிகுந்த பொருளில் வருபவையும் உண்டு. இவை எளிதில் கிழியாது, தண்ணீரில் வால் மேல்நோக்கி மிதக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றை ஒன்று உருக்கிப் பசையாக்கிவிடும். வாங்கிய உறையிலேயே தனித்தனியாக வைத்திருப்பது நல்லது. காருக்குள் வெயிலில் விடவே கூடாது.

கோக்கும் முறை

லூர் நேராகக் கோக்கப்பட்டிருந்தால்தான் நேராக நீந்தும். முதலில் ஜிக் ஹெட்டை லூரின் பக்கத்தில் வைத்து, முள்ளின் வளைவு எங்கே முடிகிறதோ அந்த இடத்தை முதுகில் நகத்தால் கீறிக்கொள்ள வேண்டும். பிறகு முள் நுனியை மூக்கின் நட்ட நடுவில் குத்தி, உடலின் மையத்திலேயே செலுத்திக்கொண்டு போய், கீறிய இடத்தில் வெளியே எடுக்க வேண்டும். உடல் எங்காவது சுருங்கி முண்டாக நின்றாலோ வளைந்தாலோ வெளியே உருவி மறுபடி குத்த வேண்டும். கோணலாக இருக்கும் லூர் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீன் கிட்டே வராது. மூக்கு கிழிந்து வழுக்கினால் ஈயத்தலைக்கும் லூருக்கும் இடையே ஒரு சொட்டு ஃபெவிகுயிக் வைத்தால் நாள் முழுதும் நிற்கும்.

நரம்பாக, 10 முதல் 20 பவுண்டு வரை இழுவை தாங்கும் பிரெய்டு என்னும் பின்னல் நூல் போதும். அதன் நுனியில் ஒரு கை நீளம், 30 பவுண்டுக்குக் குறையாத தங்கூசியை லீடராகக் கட்ட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்தி போன்றது. பாலத் தூண்களிலும் பாறைகளிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகள் அதைவிடக் கூர்மை. மெல்லிய நரம்பு ஒரே உரசலில் போய்விடும்.

இழுக்கும் முறை

வீசியதும் லூர் தரையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். நரம்பு தளர்ந்து மடிவதைப் பார்த்தால் தொட்டது தெரியும். தூண்டிலின் நுனியை இரண்டு முறை சுண்டித் தூக்கி, மறுபடி விழ விட்டு, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்ற வேண்டும். மீன் பெரும்பாலும் லூர் விழும்போதுதான் எடுக்கும், மேலே ஏறும்போது எடுப்பது குறைவு. அடிபட்ட இரை மூழ்குவதாக அது நினைக்கிறது. ஆகவே விழும்போது நரம்பு முழுதும் தளர்ந்துவிடாமல், லேசான பிடிமானத்தோடு இருக்க வேண்டும். கொடுவா கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. விரலில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டை உணர்ந்த உடனே தூண்டிலை நிமிர்த்த வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, நடுக்கழியில் வீசுவது வீண். வற்றத்தின்போது சிறு ஓடைகள் பெரிய கழியில் வந்து விழும் மூலை, பாலத் தூணின் நிழல், ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் கோடு, இவைதான் வேட்டை மீன் நிற்கும் இடங்கள். ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்து அது காத்திருக்கும். லூர் அதன் முகத்துக்கு நேராக, ஓட்டத்தோடு வர வேண்டும்.

வால் மட்டும் பிறை வடிவில் துண்டாகித் திரும்பி வந்தால் அங்கே பேத்தை மீன் கூட்டம் இருக்கிறது. இடத்தை மாற்றிக்கொள்வதே வழி. நேர்கோட்டில் வெட்டியது போலப் போயிருந்தால் சீலா.

கொடுவா

இந்தக் கழிகளின் அரசன் கொடுவா. நன்னீரிலும் உவர்நீரிலும் கடலிலும் வாழக்கூடியது. பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறும். எனவே பெரிய கொடுவா என்றால் அநேகமாக முட்டையிடும் தாய். சென்னையில் 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், முட்டுக்காட்டில் உள்ள தன் பரிசோதனைக் கூடத்தில் 1997இல் இம்மீனைக் கட்டுப்பாட்டுச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. இன்று இந்தியாவில் பண்ணைக் கொடுவா சந்தைக்கு வருவதற்கு அடித்தளம் இந்தக் கழியோரத்தில் போடப்பட்டது. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் பெரிய கொடுவாவை ஈரக் கையால் பிடித்து, வயிற்றைத் தாங்கி, படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விடுவது நியாயம். முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர்முனையை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது எளிது, மீனுக்கும் காயம் குறைவு.

பழகுமிடமும் பாதுகாப்பும்

கழிமுகம் போக வாய்ப்பில்லாதவர்கள் காஞ்சி மாவட்ட ஏரிகளிலேயே பழகலாம். தென்னேரி, உத்திரமேரூர் போன்ற பெரிய ஏரிகளின் அல்லி படர்ந்த ஓரங்களில், முள் வெளியே தெரியாத ரப்பர் தவளையை இலைமேல் இழுத்தால் விரால் பாய்ந்து எடுக்கும். ஆனால் பல ஏரிகளில் மீன் பாசி ஏலத்துக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராரிடமோ கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கோயில் குளங்களில் தூண்டில் போடவே கூடாது.

பாலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே கல்பாக்கம் அணுமின் வளாகம் இருப்பதால் அப்பகுதியில் தடை செய்யப்பட்ட எல்லைகள் உண்டு. பலகையைப் பார்த்து விலகி நடக்க வேண்டும். முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகுகள் ஓடும் தடத்தில் வீசக் கூடாது. மீனவர் வலை கட்டியிருக்கும் இடத்துக்கு அருகே வீசி முள்ளை மாட்டினால் கிழிவது அவர்களுடைய பிழைப்பு. அங்கே அவர்களுக்கே முதல் உரிமை. தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போகும், மிதித்தால்தான் வாலால் குத்தும். கெளுத்தியின் முதுகு முள்ளும் குத்தும். அந்த மீனைத் துணியால் பிடித்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும்.

சாஃப்ட் பிளாஸ்டிக்கின் பெருங்குறை அது மக்காதது. கிழிந்த துண்டை மீன் விழுங்கினால் செரிக்காமல் வயிற்றில் தங்கும். ஈயமும் நஞ்சுதான். பிரிட்டனில் அன்னப் பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987 முதல் சிறு ஈய எடைகளின் விற்பனையை நிறுத்தினார்கள். டங்ஸ்டன் தலைகள் இப்போது கிடைக்கின்றன, விலைதான் கூடுதல். நம் கழிகளில் இந்தக் கவலை இன்னும் பெரிது. கோடையில் வாய் அடைபட்டால் உள்ளே போட்டது எதுவும் கடலுக்குக் கூடப் போகாது, அந்தச் சேற்றிலேயே கிடக்கும். இருளர்கள் இறால் தேடிக் கையை விடுவதும் அதே சேற்றில்தான். கிழிந்த வாலையும் அறுந்த தங்கூசியையும் தயவுசெய்து பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.