பிரிட்டனில் ஒப்பந்தப் பணி: நேரடி நியமனமா, முகவர் வழியா?

பிரிட்டனில் ஆறு மாதத் திட்டம் ஒன்றுக்குக் கணினி வல்லுநர் தேவைப்படும் நிறுவனம், அவரைத் தானே தேடி நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அல்லது, ஆள்சேர்ப்பு முகவர் நிறுவனம் ஒன்றிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது தரகுத் தொகை பற்றிய கேள்வியாகத் தோன்றும். ஆனால், வரி தவறினால் யார் கட்டுவது, ஊதியம் வராமல் போனால் யாரைக் கேட்பது என்பவைதான் இந்தத் தேர்வுக்குள் அடங்கியிருக்கும் பெரிய கேள்விகள்.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று லண்டன் போன்ற நகரங்களில் கணினித் துறையிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் தமிழர்கள் பலர், இவ்விரு வழிகளில் ஒன்றின் மூலமாகவே தற்காலிகப் பணிகளைப் பெறுகின்றனர்.

தரகின் கணக்கு

எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 500 பவுண்டு பெறும் வல்லுநர் ஒருவருக்கு, முகவர் 15 சதவீதம் கூடுதலாக வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். 120 வேலை நாட்களில் அந்தத் தொகை மட்டும் 9,000 பவுண்டாகிறது. நேரடியாக நியமித்தால் இந்தத் தொகையை நிறுவனம் மிச்சப்படுத்தலாம். அல்லது பணியாளருடன் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் முகவர் வெறும் அறிமுகத்துக்காக மட்டும் பணம் வாங்குவதில்லை. வாடிக்கையாளர் நிறுவனம் விலைப்பட்டியலுக்குப் பணம் செலுத்த முப்பது நாளோ அறுபது நாளோ எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் வாரந்தோறும் பணியாளருக்குக் கொடுப்பது முகவரின் பணம். நேரடி ஒப்பந்தத்தில் இந்தக் காத்திருப்பு பணியாளரின் தலையில் விழுகிறது. காலம் கடந்த தொகைக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கோர 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இருந்தாலும், அடுத்த ஒப்பந்தத்தை எதிர்பார்த்திருப்பவர் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்குவது இயல்பே.

1975இல் தொடங்கிய கதை

பிரிட்டனின் கணினி வல்லுநர்களில் பலர் ஏன் தங்கள் பெயரில் ஒரு லிமிடெட் கம்பெனி வைத்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து வருபவர்களுக்குப் புதிராக இருக்கும். அதன் வேர் 1975ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் இருக்கிறது. முகவர் வழியாகப் பணிபுரியும் சுயதொழிலாளர்களின் வரியை, அவர்கள் ஊழியர்களாக இருந்தால் எப்படிப் பிடிக்கப்படுமோ அப்படியே முகவர் பிடிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. கம்பெனி வழியாக வருபவர்களுக்கு இது பொருந்தவில்லை. எனவே முகவர்கள், கம்பெனி இல்லாதவர்களை ஏற்கத் தயங்கினர். வரி ஏய்ப்பைத் தடுக்க வந்த ஒரு விதி, பின்னர் அரசாங்கத்துக்குத் தலைவலியான ஒரு வழக்கத்தை வளர்த்துவிட்டது.

அந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததே 'ஐஆர்35'. 1999 மார்ச்சில் வரவுசெலவுத் திட்டத்துடன் வெளியான ஒரு செய்திக்குறிப்பின் எண்ணே அதன் பெயராக நிலைத்துவிட்டது. கம்பெனி என்ற திரையை நீக்கிப் பார்த்தால் ஒருவர் உண்மையில் ஊழியர்தானா என்று இவ்விதி கேட்கிறது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கான பதிலைப் பணியாளரின் கம்பெனியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தவறினால் பொறுப்பும் அதனுடையதே.

2017 ஏப்ரலில் பொதுத்துறையிலும், கோவிட் காரணமாக ஓராண்டு தள்ளிப்போய் 2021 ஏப்ரலில் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் இந்தப் பொறுப்பு வேலை தருபவருக்கு மாற்றப்பட்டது. இங்குதான் நேரடி நியமனத்துக்கும் முகவர் வழிக்கும் இடையிலான வேறுபாடு கூர்மையடைகிறது. இரண்டிலும் பணியாளரின் நிலையைத் தீர்மானிப்பது வேலை தரும் நிறுவனமே. ஆனால் 'ஊழியர்' என்று முடிவானால், வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டியவர், பணியாளரின் கம்பெனிக்குப் பணம் கொடுப்பவர். முகவர் இருந்தால் பொதுவாக அது முகவர். நேரடி ஒப்பந்தமானால் வேலை தரும் நிறுவனமே. சம்பளப் பிரிவின் சுமையைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் முகவரை இடையில் வைத்துக்கொள்ள விரும்புகின்றன.

2022 செப்டம்பரில் அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் இந்த மாற்றங்களை ரத்துச் செய்வதாக அறிவித்தார். மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமான காலத்துக்குள், அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹன்ட் அந்த அறிவிப்பையே ரத்துச் செய்தார். இடையில் ஒப்பந்தங்களை மாற்றி எழுதத் தொடங்கியவர்களின் நிலை பரிதாபத்துக்குரியது.

குடையின் கீழ்

2021ஆம் ஆண்டு மாற்றத்தையொட்டி, கம்பெனி வைத்திருப்போரை இனி ஏற்பதில்லை என்று பல பெரிய நிறுவனங்கள் முடிவு செய்தன. அதனால் 'அம்பிரெல்லா' எனப்படும் குடை நிறுவனங்களின் வணிகம் பெருகியது. இங்கு பணியாளர், குடை நிறுவனத்தின் ஊழியராகிவிடுகிறார். முகவர் தரும் தொகையிலிருந்து தன் கட்டணத்தை மட்டுமன்றி, முதலாளி செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகையையும் எடுத்துக்கொண்ட பிறகே குடை நிறுவனம் ஊதியத்தைக் கணக்கிடுகிறது. இந்தக் காப்பீட்டு விகிதம் 2025 ஏப்ரலில் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. விளம்பரத்தில் காணும் நாள் ஊதியத்துக்கும் வங்கிக் கணக்கில் சேரும் தொகைக்கும் உள்ள தூரம் பலரைத் திகைக்க வைப்பது இதனால்தான்.

அதைவிடக் கசப்பான அனுபவமும் உண்டு. ஊதியத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தர வேண்டாத 'கடன்' என்ற பெயரில் வழங்கும் திட்டங்கள் 2000களில் பரவலாக விற்கப்பட்டன. சட்டப்படி சரியானவை என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னதை நம்பிப் பலர் சேர்ந்தனர். 2016இல் அறிவிக்கப்பட்ட 'லோன் சார்ஜ்' என்ற வரி, பழைய கடன்கள் அனைத்தையும் 2019 ஏப்ரலில் ஒரே ஆண்டின் வருமானமாகக் கணக்கிட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின், 2010 டிசம்பர் 9க்கு முந்தைய கடன்களுக்கு விலக்களிக்கப்பட்டது. சுமார் 50,000 பேர் பாதிக்கப்பட்டதாக அரசாங்கமே மதிப்பிட்டது. இதனுடன் தொடர்புடைய 10 தற்கொலைகளைக் கண்காணிப்பு அமைப்பின் பார்வைக்குக் கொண்டுசென்றதாக வரித்துறை ஒப்புக்கொண்டது. திட்டத்தை விற்றவர்கள் கட்டணம் பெற்று விலகியிருக்க, கடிதங்கள் வந்து சேர்ந்ததோ பணியாளர்களின் வீடுகளுக்கு.

இந்தச் சமநிலையின்மையைச் சரிசெய்யும் நோக்கில் 2024 அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் புதிய ஏற்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. குடை நிறுவனம் வரி செலுத்தத் தவறினால் முகவரும், முகவர் இல்லாத இடத்தில் வேலை தரும் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது. 2026 ஏப்ரல் 6 அதற்கான நாளாகக் குறிக்கப்பட்டது.

மருத்துவமனைகளின் பாடம்

தேசிய சுகாதார சேவையில் இதே விவாதம் வேறு வடிவில் நடக்கிறது. வார இறுதியில் ஒரு மருத்துவர் வரவில்லையென்றால் இடத்தைக் காலியாக விட முடியாது. முகவர் கேட்ட விலையை மருத்துவமனை கொடுக்க நேர்ந்தது. 2015 நவம்பரில் உச்சவரம்பு கொண்டுவரப்பட்டு, 2016 ஏப்ரலில் அது வழக்கமான ஊதியத்தைவிட 55 சதவீதம் மட்டுமே கூடுதல் என்ற அளவுக்கு இறுக்கப்பட்டது. அவசரத் தேவைக்கு விதிவிலக்கு உண்டு என்பதால், வரம்பு பலமுறை மீறப்பட்டது.

மாற்றுவழி 'பேங்க்' எனப்படும் பணியாளர் குழு. மருத்துவமனையே தன் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கூடுதல் நேரப் பணிக்கு நேரடியாக அழைக்கும் முறை இது. இதற்கும் முகவர் முறைக்கும் இடையில் ஒரு கலப்பு முறையும் உருவானது. முகவர் தரும் மருத்துவருக்கான முழுத் தொகைக்கும் 20 சதவீத வாட் வரி உண்டு என்று வரித்துறை வலியுறுத்தி வந்ததால், மருத்துவரை மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் சேர்த்து, முகவருக்குத் தரகு மட்டும் கொடுத்து, தரகுக்கு மட்டும் வாட் செலுத்தினார்கள். 2024-25 நிதியாண்டில் இங்கிலாந்து மருத்துவமனைகளின் முகவர் செலவு ஏறத்தாழ நூறு கோடி பவுண்டு குறைந்ததாக அரசாங்கம் தெரிவித்தது.

சட்டம் தரும் காப்பு

பணி தேடித் தருவதற்காகப் பணியாளரிடம் கட்டணம் வாங்குவதை, கலை, மாடலிங் போன்ற சில துறைகள் நீங்கலாக, 1973ஆம் ஆண்டின் முகவர் சட்டம் தடை செய்கிறது. வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்று கூறி ஊதியத்தை நிறுத்தவும் முகவருக்கு உரிமையில்லை. 2003ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படிச் சொல்கின்றன. ஆனால் லிமிடெட் கம்பெனி வைத்திருப்போர் இந்த விதிமுறைகளிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஒப்பந்தக் கட்டில் ஒரு தாளாக வரும் அந்த விலகல் கடிதத்தில் படிக்காமலே கையெழுத்திடுபவர்கள் உண்டு. வேலை தரும் நிறுவனத்துக்கு அறிமுகப்படுத்தப்படுவதற்கு முன் அளித்தால்தான் அது செல்லும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முகவர் வழியே வந்த பணியாளரை நிறுவனம் பின்னர் நேரடியாக எடுத்துக்கொண்டால், முகவர் இழப்பீடு கோரலாம். ஆனால் பணி தொடங்கி 14 வாரங்கள் அல்லது கடைசிப் பணி முடிந்து 8 வாரங்கள், இவற்றில் பிந்தியது கடந்துவிட்டால், அந்தக் கோரிக்கை விதிமுறைகளின்படி செல்லாது. விலகல் கடிதம் கொடுத்தவர்களுக்கு இந்தக் காப்பும் இல்லை.

முகவர் நிறுவனமே திவாலானால்? வேலை தந்த நிறுவனம் ஏற்கெனவே முகவருக்குப் பணம் கட்டியிருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. கம்பெனி வழியாகப் பணிபுரிந்தவர், பிணையற்ற கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நேரடி ஒப்பந்தத்திலும் ஆபத்து இல்லாமலில்லை. 2018 ஜனவரியில் கட்டுமானத் துறையின் கரிலியன் நிறுவனம் சரிந்தபோது, அதை நம்பியிருந்த வழங்குநர்களும் துணை ஒப்பந்ததாரர்களும் சுமார் 30,000 பேர். ஆனால் நேரடி ஒப்பந்தம் செய்பவர் ஒரு நிறுவனத்தின் கணக்கு அறிக்கையைப் பார்த்தால் போதும். முகவர் வழியே செல்பவர் இரண்டைப் பார்க்க வேண்டும், குடை நிறுவனமும் இருந்தால் மூன்றை. இந்த அறிக்கைகளை பிரிட்டனின் கம்பெனிகள் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிக் காணலாம்.

திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்போருக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு விசா ஆதரவு வழங்கும் நிறுவனம், அவர்களை இன்னொரு நிறுவனத்தின் அன்றாடப் பணியிடத்தை நிரப்ப வாடகைக்கு விட முடியாது. அவர்களின் துணைவர்களுக்கும், படிப்பை முடித்துப் பட்டதாரி விசாவில் தங்கியிருப்பவர்களுக்கும் இத்தடை இல்லை.