யாருடைய தறிக்குக் காவல்?
இறக்குமதிச் சட்டங்களும் துணியின் வரலாறும்

புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவரும் நம்மவர்தான். மருதமுனையில் தறிக்குழிக்குள் கால் வைத்துச் சாறன் நெய்கிறவரும் நம்மவர்தான். வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கினால் முதலாமவருக்கு ஏவாரம் ஓடும். இரண்டாமவருக்குத் தறி நிற்கும். இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டால் நிலைமை தலைகீழாகும். ஒரே சமூகத்துக்குள் இப்படி இரண்டு வயிற்றுப்பாடு இருக்கும்போது, "உள்நாட்டுக் கைத்தொழிலைக் காப்பாற்ற வேண்டும்" என்ற பேச்சை வெறும் சுலோகமாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்தக் கைத்தொழிலை, எந்த இறக்குமதியிலிருந்து, யாருடைய செலவில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டாக வேண்டும். இறக்குமதிச் சட்டங்களின் கதையில் துணியைப்போல் திரும்பத் திரும்ப வரும் சாமான் குறைவு. ஆகவே அந்த வழியாகவே இதைப் பார்ப்போம்.

இலண்டன் நெசவாளரின் கோபம்

17ஆம் நூற்றாண்டின் கடைசியில், சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுபோன அச்சுப் பருத்தித் துணிகள் இங்கிலாந்தைக் கவர்ந்தன. மெல்லியவை, துவைத்தாலும் சாயம் போகாதவை, பட்டையும் கம்பளியையும்விட விலை குறைந்தவை. கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு இது பிழைப்பைப் பறிக்கும் காரியம். பாராளுமன்றம் 1700இல் சட்டம் போட்டு, பாரசீகம், சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் சாயமிட்ட பருத்தித் துணிகளை உள்நாட்டுப் பாவனைக்குத் தடுத்தது. வெள்ளைத் துணி வரலாம். அச்சை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். இதனால் இலண்டனில் அச்சுத் தொழில் வளர்ந்தது. நெசவாளரின் துயர் தீரவில்லை. 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தி உடை அணிந்து போன பெண்களின் ஆடையையே கிழித்தார்கள். 1721இல் வந்த இரண்டாவது சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, அச்சிட்ட பருத்தித் துணியை விற்பதையும் உடுத்துவதையும்கூடக் குற்றமாக்கியது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது.

இந்த மதிலுக்குள்தான் லங்காஷயரின் பருத்தித் தொழில் தன் இளமைக்காலத்தைக் கழித்தது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. இயந்திரமும், நிலக்கரியும், அடிமைகளின் உழைப்பில் விளைந்த பஞ்சும் சேர்ந்துதான் அதை வளர்த்தன. ஆனால் வளர்ந்து முடிந்தபின் அதே நாடு "சுதந்திர வர்த்தகம்" என்று உபதேசம் செய்யத் தொடங்கியது. இந்தியாவில் வருமானத்துக்காகப் பருத்தித் துணிக்கு இறக்குமதித் தீர்வை போட வேண்டி வந்தபோது, லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலால் 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 வீதமும், அதற்குச் சரிக்குச் சரியாக இந்திய ஆலைத் துணிக்கு 3.5 வீத உற்பத்தி வரியும் விதித்தார்கள். உள்நாட்டு ஆலைக்குத் தப்பித் தவறியும் சலுகை கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. அந்த வரியை நிறுத்த 1925இன் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1934: நம் துறைமுகத்தில் பிறர் காவல்

இலங்கைக்கு இந்தப் பாடம் 1934இல் நேரடியாக வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தேங்காய் விலைகள் விழுந்து, சனங்களின் கையில் காசில்லாத காலம். அந்த நேரத்தில் ஜப்பானியத் துணி மிக மலிவாக வந்தது. ஏழைக்கு அது மானத்தை மறைக்கும் துணி. வியாபாரிக்கு ஓடும் சரக்கு. ஆனால் லங்காஷயருக்கு அது ஆபத்து. 1934 மே மாதம் பிரித்தானிய வர்த்தக அமைச்சர் வால்டர் ரன்சிமன், குடியேற்ற நாடுகளில் ஜப்பானியத் துணிக்குக் கோட்டா விதிக்கப்படும் என்று அறிவித்தார். அளவுகோல் 1927 முதல் 1931 வரையிலான சராசரி இறக்குமதி. அதாவது, ஜப்பானியத் துணி பெருகுவதற்கு முந்திய காலம்.

சர்வசன வாக்குரிமையால் 1931இல் பிறந்த அரசாங்க சபை இதற்கு உடன்பட மறுத்தது. காரணம் எளிது. இங்கே காப்பாற்ற வேண்டிய பெரிய நெசவுத் தொழில் எதுவும் அன்று இல்லை; வெள்ளவத்தையில் ஓர் ஆலை, கிராமங்களில் சில தறிகள், அவ்வளவுதான். கோட்டா வந்தால் மன்செஸ்டர் ஆலை பிழைக்கும். கூடிய விலையைக் கொடுப்பவர் இங்குள்ள கூலித் தொழிலாளி. சபை இணங்காவிட்டால் என்ன? இலண்டன் தன் அரசவைக் கட்டளை மூலம் கோட்டாவைத் திணித்தது.

இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் வடிவம் பாதுகாப்புச் சட்டம். பாதுகாக்கப்பட்டவர் வேறு நாட்டவர். செலவைச் சுமந்தவர், வாக்குரிமை இருந்தும் வாய் அடைக்கப்பட்டவர். ஒரு பாதுகாப்புச் சட்டத்தை எடைபோட இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

பெர்மிட்டும் கோட்டாவும்

சுதந்திரத்துக்குப்பின் சட்டம் நம் கைக்கு வந்தது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கைத்தொழில் உற்பத்திப் பொருட்கள் சட்டம் ஒரு புதுமையான வழியைக் கண்டது: குறித்த ஒரு பொருளை இறக்குமதி செய்ய விரும்புகிறவர் அதே வகை உள்நாட்டுப் பொருளில் ஒரு பங்கையும் வாங்க வேண்டும். கடைக்காரரை எதிரியாக்காமல், அவரையே உள்ளூர்ச் சாமானுக்குச் சந்தையாக்கும் யோசனை இது.

1960களில் அந்நியச் செலாவணி வற்றியபோது கதை மாறியது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு)ச் சட்டம் அனுமதிப்பத்திரத்தின் காலத்தை உறுதிப்படுத்தியது. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுத் துணி காண்பது அரிதாகி, துணி இறக்குமதி அரசின் சலுசல கையில் இருந்தது. கிழக்கின் நெசவு ஊர்களில் அந்த வருடங்களைத் தறிகள் ஓயாத காலமாக முதியவர்கள் பேசுவார்கள். ஆனால் அந்தக் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நூலும் சாயமும் பெரும்பாலும் கோட்டாவில் கிடைப்பவை. கோட்டா யாருக்கு, எவ்வளவு என்பது அதிகாரியின் கையிலும் அரசியல்வாதியின் கடிதத்திலும் இருந்தது. துணி வாங்கக் கியூவில் நின்றவரின் அனுபவமும் வேறு.

1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு கதவு திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக. இலாபமீட்டக் கற்றுக்கொள்ளவும், புதிய தறி வாங்கவும், சந்தை தேடவும் நெசவாளருக்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை. நாடெங்கும் ஆயிரக்கணக்கான கைத்தறிகள் நின்றன. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களின் பெண்கள். கிழக்கின் முஸ்லிம் நெசவாளர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க 1984இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே நினைவுகூரத்தக்கது. பெர்மிட் யுகத்தில் அரச ஆதரவு பெரும்பாலும் சிங்களச் சிறு, நடுத்தர முதலாளிகளுக்கே போனது. திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்தத் தயவு பயனற்றுப்போக, அரசை நம்பியிராத சிறுபான்மை வியாபாரிகள் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தார்கள். அதனால் எழுந்த மனக்கசப்பு இன முரண்பாட்டுக்கு எண்ணெய் வார்த்தது என்பது அவர் வாதத்தின் சாரம். இதை முழுதாக ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது: பாதுகாப்பு என்பது விதியாக இல்லாமல் தயவாக இருக்கும்போது, அதைக் கொடுப்பதும் பறிப்பதும் இனக் கணக்காக மாறிவிடுகிறது. அந்தக் கணக்கின் விலையைப் பின்னாளில் நம் கடை வீதிகளும் கொடுத்திருக்கின்றன.

தயவிலிருந்து விதிக்கு

உலக அளவில் இதற்கு வேறொரு வழி மெல்ல உருவாகி வந்தது. 1904இல் கனடா முதன்முதலாகக் குவிப்புக்கு எதிரான சட்டத்தை இயற்றியது. குவிப்பு, அதாவது டம்பிங் என்றால் மலிவு என்று பொருளல்ல. ஓர் ஏற்றுமதியாளர் தன் நாட்டில் 1000 ரூபாவுக்கு விற்கும் சாறனை நமக்கு 700 ரூபாவுக்குத் தள்ளினால் அது குவிப்பு. அங்கேயும் 700, இங்கேயும் 700 என்றால் அது வெறும் போட்டி. 1947இல் கைச்சாத்தான காட் ஒப்பந்தம் இதை ஆறாம் உறுப்புரையில் உலக விதியாக்கியது. இலங்கையும் அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒன்று. 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது விதிகள் விரிவாக வரையப்பட்டன.

அவற்றின்படி மூன்று வகைக் காவல் உண்டு. குவிப்புக்கு எதிரான தீர்வை ஒன்று. வெளிநாட்டு அரசு கொடுத்த மானியத்தை ஈடுசெய்யும் எதிரீட்டுத் தீர்வை இரண்டாவது. மூன்றாவது பாதுகாப்பு நடவடிக்கை: யாரும் தவறு செய்யாவிட்டாலும் இறக்குமதி திடீரென்று பெருகி உள்நாட்டுத் தொழிலுக்குப் பாரதூரமான சேதம் வந்தால், சீரமைத்துக்கொள்ள மூச்சுவிடும் அவகாசம். முதல் இரண்டும் பொதுவாக ஐந்து வருடத்தில் மீளாய்வின்றித் தொடர முடியாது. மூன்றாவது நான்கு வருடம், நீட்டித்தாலும் எட்டு, வளர்முக நாடுகளுக்குப் பத்து. 1977இல் நம் நெசவாளருக்குக் கிடைக்காமல் போனது இந்த மூன்றாவது வகை அவகாசம்தான்.

இலங்கை இவற்றைத் தன் சட்டமாக்க 2018 வரை சென்றது. அவ்வருடத்தின் 2ஆம் இலக்கச் சட்டம் குவிப்பையும் மானியத்தையும் பற்றியது. 3ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்பு நடவடிக்கைகளைப் பற்றியது. அதுவரை இருந்த ஆயுதங்கள் செஸ் வரியும் இறக்குமதித் தடையும். இரண்டும் ஒரு வர்த்தமானியில் முடிகிற காரியம். விசாரணை இல்லை, எதிர்த்தரப்பைக் கேட்பதில்லை. புதிய சட்டங்களுக்குப் பின்னும் அந்தப் பழக்கம் போய்விடவில்லை. மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நடந்தது நினைவிருக்கும்: விலை பல மடங்கு ஏறியது, கடல்வழிக் கடத்தல் பெருகியது, மாக் கலந்த மஞ்சள் சந்தைக்கு வந்தது. விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது உண்மை. அடுக்களையில் கறிக்கு நிறமில்லாமல் போனதும் உண்மை.

ஏழை நெசவாளரும் விசாரணை மேசையும்

அப்படியானால் விதி வந்துவிட்டது, இனி மருதமுனைத் தறிக்குக் காவல் கிடைத்துவிடும் என்று நினைக்கலாமா? அவ்வளவு லேசு அல்ல. குவிப்பு விசாரணை கோரும் மனுவுக்கு, அப்பொருளின் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 வீதத்தைச் செய்பவர்களின் ஆதரவு வேண்டும். கருத்துச் சொன்ன உற்பத்தியாளர்களுக்குள் ஆதரிப்போர் உற்பத்தியில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஏற்றுமதியாளரின் உள்நாட்டு விலை, தம்முடைய விற்பனை, செலவு, நட்டம், இரண்டுக்கும் உள்ள காரணத் தொடர்பு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். நாலைந்து பெரிய தொழிற்சாலைகள் உள்ள துறைக்கு இது சாத்தியம். வீட்டுக்கு ஒரு தறி, கொப்பிக் கணக்கு, கடனுக்கு நூல் என்று ஓடும் தொழிலுக்கு அந்த மேசை வெகு தூரம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கைத்தறிக்கு வரும் அடி எல்லாம் குவிப்பால் வருவதல்ல. விசைத்தறியில் நெய்த துணியை "கைத்தறி" என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று; அதற்கு மருந்து தீர்வையல்ல, முத்திரையும் நுகர்வோர் சட்டமும். விசைத்தறி உண்மையிலேயே மலிவாக நெய்தால் அது போட்டி. அதற்கு மருந்து வடிவமைப்பும் தரமும் பெயரும். நோய் எதுவென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் "இறக்குமதியை நிறுத்து" என்று கேட்டால், நூலும் சாயமும் இறக்குமதியாகும் நாட்டில் நம் தறியையே நாம் நிறுத்துவோம்.

ஆகவே நம் சங்கங்களும் கூட்டுறவுகளும் முதலில் செய்ய வேண்டியது கணக்கு எழுதுவது. எத்தனை தறி, மாதம் எத்தனை சாறன், என்ன விலை, எந்த வருடம் எவ்வளவு குறைந்தது என்ற பதிவு இல்லாத சமூகத்துக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் இருந்தும் பயனில்லை. இரண்டாவது, புறக்கோட்டையும் மருதமுனையும் ஒரு மேசையில் அமர்வது. எந்தச் சரக்கு எந்த விலையில் வருகிறது, பிறந்த இடத்தில் அது என்ன விலை என்பதை நாட்டிலேயே நன்றாக அறிந்தவர் இறக்குமதியாளர். நெசவாளருக்கு இல்லாத ஆதாரம் அவரிடம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வியாபாரியையும் உற்பத்தியாளரையும் ஒரு முடிச்சில் கட்டப் பார்த்தது. சட்டம் கட்டாவிட்டாலும் உறவு கட்டலாம்.

1934இல் இந்த நாட்டின் பிரதிநிதிகள் கேட்ட கேள்வி இன்றும் பழசாகவில்லை. காவல் யாருக்கு, கூலி கொடுப்பது யார்? ஒவ்வொரு வர்த்தமானி வெளிவரும்போதும் அதைக் கேட்கும் பழக்கம் கடைக்காரருக்கும் வேண்டும், தறிக்காரருக்கும் வேண்டும்.