வீடு விற்க முன் ஒதுக்குபவர்களுக்கு: கடதாசிப் பெட்டியில் கவனம்

கலேவெலைக்கு அருகே வஹகோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டை விற்பதென்று சென்ற ஆண்டு முடிவெடுத்தோம். போர்த்துக்கீசர் வழிவந்த கத்தோலிக்கரின் ஊர் என்று அறியப்பட்ட இடம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிப் பல ஊர் அலைந்த அப்பா, புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு நேர்த்திக்கு வந்தபோது பிடித்துப்போய் வாங்கிய சிறு வீடு அது. இப்போது அப்பா இல்லை. அம்மாவால் தனியே சமாளிக்க முடியவில்லை.

பாதிச் சாமானை அகற்றினால் வீடு பெரிதாகத் தெரியும் என்றார் தரகர். உண்மைதான். உடைந்த கதிரைகள், காலிப் போத்தல்கள், பிளாஸ்ரிக் கான்கள் என்று இரண்டு லான்ட்மாஸ்டர் நிறைய ஏற்றினோம். இடம்பெயர்ந்தவர்கள் எதையும் எறிவதில்லை. கிணறு இறைத்தோம், ஒழுகிய ஓட்டை மாற்றினோம், சுவருக்கு வெள்ளை அடித்தோம். இவை எந்த வீட்டுக்கும் பொது.

எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவல்லாதது கடதாசி. பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றை நெருப்பில் போடப் போன என் கையை அம்மா பிடித்தார். உள்ளே அவருடைய சீதன உறுதி. 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமற்போன அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள்.

ஆகவே முதலில் கடதாசிகளைப் பிரியுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. மூலம் தொலைந்தாலும் அங்கே அத்தாட்சிப் பிரதி கேட்கலாம். அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் உதவும். கிழிந்த போட்டோப் பிரதியில்கூட அவை இருக்கும், எறியாதீர்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய மின்பட்டியல் எல்லாம் யார் அனுபவித்தார்கள் என்பதற்குச் சான்று. பத்து வருட ஆட்சியை வைத்து வேறொருவர் உரிமை கோரினால் அவைதான் பேசும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழைக் கையோடு வையுங்கள்.

எங்கள் வீடு அப்பாவின் பேரில். அதனால் அண்ணாவும் உரித்தாளி. ஒப்பமிட அவர் இல்லை. இறந்ததாகப் பதிய அம்மாவுக்குச் சம்மதமில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கென்று தனியான சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. மரணச் சான்றிதழ் அல்ல என்பதால் அம்மா அதற்கு மட்டும் விண்ணப்பித்தார். ஆனால் அதை வைத்துப் பங்கை விற்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும் என்றார் எங்கள் சட்டத்தரணி. இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், வாங்குபவரிடம் முற்பணம் வாங்க முன் சட்டத்தரணியைப் பாருங்கள். நாங்கள் வெள்ளை அடித்த பிறகுதான் பார்த்தோம்.

வீடு ஒதுக்கியபடியே பூட்டிக் கிடக்கிறது. அம்மா இப்போது என்னோடு. கடதாசிக் கட்டு அவர் கட்டிலுக்குக் கீழே, பத்திரிகைக்குப் பதிலாகப் பொலித்தீனில் சுற்றி இருக்கிறது.