ஆணை எட்டும் தூரம்: பெற்றோர் பிரிவும் குழந்தைப் பொறுப்பும் – ஒரு சட்ட வரலாற்று நோக்கு

மணமுறிவுக்குப் பின் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்னும் வினாவிற்கு மலேசியச் சட்டம் தரும் விடை, குழந்தையின் நலனே தலையாயது என்பதாகும். இவ்விடை உருப்பெற்ற வரலாறு, தந்தையின் உரிமை தளர்ந்து தாயின் உரிமை வளர்ந்த வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. அது பிழையன்று. ஆயினும், நீதிமன்றம் பிறப்பித்த ஆணை குழந்தை இருக்கும் இடம்வரை சென்று எட்டியதா என்னும் மற்றொரு வினாவும் தொடக்கம் முதலே அதனோடு உடன்வந்துள்ளது. அதனையே இங்கு நாம் நோக்க முற்படுகிறோம்.

நம் நாட்டுச் சட்டத்தின் மூலம் இங்கிலாந்துச் சட்டமாதலின் அங்கிருந்தே தொடங்குதல் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முறையாக மணந்த தந்தையே அங்குக் குழந்தைகளுக்கு முழு உரிமையாளன். 1836இல் கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளரின் கணவர், மூன்று ஆண்மக்களையும் தாயிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்டார். வழக்காடச் சட்டத்தில் இடமின்மையால் அவர் எழுத்தையே கருவியாகக் கொண்டார், துண்டறிக்கைகள் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினர் டால்ஃபோர்டின் துணையைப் பெற்றார். அதன் பயனாக 1839இல் குழந்தைப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் ஒப்படைக்கவும், அவ்வயதைக் கடந்த குழந்தைகளைச் சென்று காணவும் தாய்மார் சான்சரி நீதிமன்றத்தை நாடலாம் என்றாயிற்று. ஒழுக்கக்கேடு மெய்ப்பிக்கப்பட்ட தாய்க்கு அவ்வாய்ப்பும் இல்லை.

சட்டத்திற்குக் காரணமாக இருந்தவருக்கே அச்சட்டம் பயன்படவில்லை. பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தனர். இங்கிலாந்துச் சட்டம் அங்குச் செல்லாது. 1842இல் இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். தாய் சென்று சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. சட்டப் பாடநூல்கள் 1839ஐ ஒரு மைல்கல்லாகக் குறித்துவிட்டு அப்பால் செல்கின்றன. நமக்கோ இந்த 1842 அதனினும் முக்கியமாகப்படுகிறது.

இங்கிலாந்தில் 1873ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு என்னும் வரம்பைப் பதினாறாக உயர்த்தியது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் நலனை முதலிடத்தில் வைத்தது. மலாயாவில் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டம், நீதிமன்றம் குழந்தையின் நலனையே முதன்மையாகக் கருத வேண்டும் என ஒரு பிரிவில் கூறிவிட்டு, மற்றொரு பிரிவில் தந்தையே பாதுகாவலர் என்றது. நீதிமன்றப் படியேற இயலாத பெண்ணுக்கு இவ்விரண்டில் எது சட்டமாக அமைந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் இருவர்க்கும் சம உரிமை என்னும் திருத்தம் 1999இல்தான் நடைமுறைக்கு வந்தது.

முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன் 88ஆம் பிரிவு குழந்தையின் நலனைத் தலையாயதாக வைத்து, பெற்றோரின் விருப்பத்தையும், தன் கருத்தைக் கூறும் வயதை எட்டிய குழந்தையின் விருப்பத்தையும் அதன்பின் நிறுத்துகிறது. ஏழு வயதிற்குட்பட்ட குழந்தை தாயிடம் இருத்தல் நலம் என்னும் அனுமானமும் அதில் உண்டு; தக்க சான்று காட்டி அதனை மறுக்கலாம். 1839இன் ஏழு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இங்கு மீண்டும் தலைகாட்டுவது கருதத்தக்கது. இடம் மாற்றிக் குழந்தையின் வாழ்வைக் குலைத்தலாகாது என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும். நோக்கம் நன்றே. ஆனால் குழந்தையை முந்திக் கொண்டுசென்று காலம் கடத்துபவருக்கும் இதுவே வாய்ப்பாகிவிடக்கூடும்.

குழந்தை நலத்தில் பயிற்சி பெற்றோரின் கருத்தை இயன்றவரை கேட்டறிய வேண்டும் என 100ஆம் பிரிவு கூறுகிறது. அதன்படி முடிவெடுக்கும் கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. துன்புறுத்தப்படும் குழந்தையை மீட்கும் அதிகாரமோ 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்கீழ்ச் சமூகநலப் பாதுகாவலரிடம் உள்ளது. அவர் செல்ல வேண்டியது குழந்தைகள் நீதிமன்றத்திற்கு. ஒரே வீட்டின் துயரம் இரு வாயில்களில் தனித்தனியே முறையிடப்படுகிறது. நம் தமிழ் வழக்கிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘பராமரிப்பு உரிமை’ என்று எழுதிப் பழகிவிட்டோம். நிலத்திற்கும் நகைக்கும் ஆளும் ‘உரிமை’ இங்கும் வந்து அமர்ந்துகொள்கிறது. ‘பொறுப்பு’ என்பதே தக்க சொல் என்பது நம் கருத்து.

அண்மைக் காலத்தில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியது ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி வழக்கு. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று குழந்தைகளையும் தாயறியாமல் மதம் மாற்றிப் பதிவு செய்தார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தம்முடன் கொண்டுசென்றார். ஷரியா நீதிமன்றம் தந்தையிடம் பொறுப்பை அளித்தது. 2010இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தாயிடம் அளித்தது. ஓர் எல்லைக்கு அப்பால் ஆணை செல்லாத ஸ்காட்லாந்தை நாம் முன்னர்க் கண்டோம். இங்கோ ஒரே நாட்டினுள் இரண்டு ஆணைகள். தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றுமாறு 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் போலீஸ்படைத் தலைவருக்குக் கட்டளையிட்டது. 2018 ஜனவரி 29இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பெற்றோர் இருவரின் இசைவும் இன்றிக் குழந்தைகளை மதம் மாற்றியது செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு வந்த அந்நாளிலும் இளைய மகள் தாயிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை. 88ஆம் பிரிவு தாய்க்கு ஆதரவாகக் காட்டும் ஏழு வயது, அக்குழந்தைக்கு 2015இலேயே கடந்துபோயிருந்தது.