மலை மிதிவண்டிக்கு எந்த அலகு? – பயிற்சிக் குறிப்பேட்டின் சுருக்கமான வரலாறு

மலை மிதிவண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டகம், டயர், கியர் ஆகியவற்றிலிருந்து தொடங்குவர். ஒரு குறிப்பேட்டிலிருந்தும் அதனைத் தொடங்கலாம். 1976 அக்டோபரில், கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே மண்பாதை ஒன்றில் ‘ரீபேக்’ என்னும் இறக்கப் பந்தயம் நடந்தது. இறக்கத்தின் சூட்டில் பழைய பிரேக்குகளின் கிரீஸ் எரிந்துபோனதால், அதை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. பந்தயத்தின் பெயர்க்காரணம் அதுவே. ஏற்பாட்டாளர் சார்லி கெல்லி போட்டியாளர்களின் நேரங்களை ஏட்டில் பதிந்து வைத்தார். கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடி இன்றும் பேசப்படுவது அத்தகைய பதிவினால்தான்.

அந்த ஏடு காட்டுவது விளைவை. அதற்கு முந்தைய உழைப்பு அதில் இல்லை. சில நிமிட இறக்கத்திற்கு அது போதுமானதாக இருந்தது. 1994இல் கொலராடோவின் லெட்வில் நகரில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், 100 மைல் மலை மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது. 12 மணி நேர வரம்பிற்குள் அதை முடிக்க விரும்புவோருக்கு, மாதக்கணக்கான உழைப்பைக் கணக்கில் வைக்கும் ஏடு தேவைப்பட்டது. அதை எந்த அலகால் எழுதுவது?

சாலை மிதிவண்டி மரபு தந்த அலகு தூரம். 1939இல் பிரிட்டனின் டாமி காட்வின் ஓராண்டில் 75,065 மைல் ஓட்டினார். மைல்தான் அச்சாதனையின் மொழி. மலைப்பாதையில் அம்மொழி பொருளிழக்கிறது. பாறையும் வேர்களும் நிறைந்த 30 கிலோமீட்டர், தார்ச்சாலையின் 60 கிலோமீட்டரை விடக் கடுமையாக இருக்கக்கூடும்.

தூரத்திற்கு மாற்றாக ‘பயிற்சிச் சுமை’ என்னும் கருத்தாக்கம் உருவானது. 1975இல் கனடாவைச் சேர்ந்த எரிக் பானிஸ்டரும் அவருடன் பணியாற்றியோரும், ஒவ்வொரு பயிற்சியும் உடலில் தகுதியையும் களைப்பையும் ஒருங்கே விளைவிக்கிறது என்னும் கணித மாதிரியை முன்வைத்தனர். 1980களில் கம்பியில்லா இதயத்துடிப்புமானியும், மிதிக்கும் திறனை வாட் அளவில் காட்டும் எஸ்.ஆர்.எம். கருவியும் வந்தன. எனினும் செங்குத்தான இறக்கத்தில் கால்கள் மிதிப்பதில்லை. கருவி பூஜ்யம் காட்டும். அவ்வேளையில் கைகளும் தோள்களும் முதுகும் அதிர்வைத் தாங்கி உழைத்துக்கொண்டிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்புவது எளியதொரு முறை. ஸ்வீடிஷ் உளவியலாளர் குன்னர் போர்க், உழைப்பவர் தாமே உணரும் கடுமைக்கு எண் அளிக்கும் அளவுகோலை வகுத்தார். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் அம்மரபைத் தொடர்ந்து, பயிற்சி முடிந்து ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து வீரர் தரும் 0 முதல் 10 வரையிலான மதிப்பை, பயிற்சியின் நிமிடங்களால் பெருக்கும் வழியைக் காட்டினார். சாலையில் 120 நிமிடம், கடுமை 4 எனில் சுமை 480. மலைப்பாதையில் 180 நிமிடம், கடுமை 7 எனில் சுமை 1,260. தூரம் பாதியே ஆனாலும் சுமை இரண்டரை மடங்கிற்கும் மேல்.

ஆகவே நீள்தூர மலைப் பந்தயத்திற்குப் பயிற்சி தொடங்கும் மாணவர் விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாள், நேரம், ஏறிய உயரம், பாதையின் தன்மை, உணர்ந்த கடுமை, முந்தைய இரவின் உறக்கம், உண்டது, வலித்த இடம் – நாளுக்கு நான்கு வரிகள் போதும். ஓய்வு நாளையும் எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், ஓய்வெடுத்தாரா எழுத மறந்தாரா என்பதைப் பின்னர் பிரித்தறிய இயலாது. முதல் சில வாரங்களில் அந்த ஏடு எதையும் சொல்லாது. சுமை உயர்ந்த வாரங்களையும் உடல் தளர்ந்த நாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்கும்.

வரலாற்று மாணவருக்கு இதில் மற்றொரு பயனும் உண்டு. பந்தயப் பட்டியல்கள் வென்றவர்களை நினைவில் வைக்கும். பாதியில் நின்றவர் ஏன் நின்றார் என்பதை அவரது குறிப்பேடு மட்டுமே சொல்லும். இமயமலைப் பாதைகளில் இன்று பயிற்சி பெறும் இந்திய இளைஞர்களின் கதையை நாளை எழுத முற்படுவோருக்கு அத்தகைய ஏடுகளே முதன்மைச் சான்றுகளாகும். செயலியில் சேரும் எண்களோடு, கைப்பட எழுதிய நான்கு வரிகளும் இருக்கட்டும்.