காகித நாயகர்கள் – 14: ஜனாதிபதிக்கு ஒரு கடிதம்

சூப்பர்மேன் எப்படிக் கைமாறினான் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் மேஜர் மால்கம் வீலர்-நிக்கல்சனைப் பற்றி இரண்டு வரி.

டென்னசி மாநிலத்தில் 1890இல் பிறந்தவர். குதிரைப்படை அதிகாரி. மெக்சிகோ எல்லை, பிலிப்பைன்ஸ், சைபீரியா என்று ராணுவம் அனுப்பிய இடமெல்லாம் போனார். ஆனால் மேலதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. 1922இல் ஜனாதிபதி ஹார்டிங்குக்கே பகிரங்கக் கடிதம் எழுதி, ராணுவத் தலைமையைக் கிழித்துத் தொங்கவிட்டார். பத்திரிகையிலும் வந்துவிட்டது. விடுவார்களா? ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அந்த அமளிக்கு நடுவே தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவமே தீர்த்துக்கட்டப் பார்த்தது என்றது குடும்பம். ஆள் பிழைத்துக்கொண்டார். கடிதத்தை வெளியிட்டது குற்றம் என்று தீர்ப்பானது. 1923இல் சீருடையைக் கழற்றினார். ‘மேஜர்’ பட்டத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும் என் ஓட்டு அவருக்கே.

பிறகு மலிவு இதழ்களுக்கு சாகசக் கதைகள் எழுதிப் பிழைத்தார். 1934இல் நேஷனல் அலைட் பப்ளிகேஷன்ஸ் தொடங்கினார். தினசரிகளில் வந்த படக்கதைகளை மறுபதிப்பதுதான் அன்றைய காமிக்ஸ் வியாபாரம். பெயர்போன தொடர்களின் உரிமையெல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் கையில். மேஜர் யோசிக்கவில்லை: புதிதாகவே எழுதி வரைந்து தரச் சொன்னார். 1935 பிப்ரவரி தேதியிட்டு ‘நியூ ஃபன்’ வந்தது. முழுக்கப் புதுக் கதைகளோடு வந்த முதல் காமிக்ஸ் இதழ் அதுதான். கிளீவ்லாந்து இளைஞர்கள் ஜெர்ரி சீகலுக்கும் ஜோ ஷூஸ்டருக்கும் அதன் 6ஆம் இதழில் முதல் வாய்ப்பு கொடுத்தவரும் அவரே.

பணம் கொடுப்பதில்தான் மேஜர் சுத்த மோசம். சன்மானம் இழுத்துக்கொண்டே போகும். சீகலும் ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேனை அவரும் கேட்டுப் பார்த்தார். காசு வருமா என்ற சந்தேகத்தில் சீகல் கொடுக்கவில்லை. கலைஞனுக்குப் பாக்கி வைப்பதற்கு வீரதீரம் எல்லாம் சமாதானம் ஆகாது. இந்த இடத்தில் என் ஓட்டு சீகலுக்கு.

பாக்கி அச்சகத்திலும் ஏறியது. அங்கேதான் வில்லன் வருகிறார்: அச்சடிப்பு, விநியோகம் இரண்டையும் கையில் வைத்திருந்த ஹாரி டோனன்ஃபெல்ட். ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ வெளிவர வேண்டுமென்றால் அவரைக் கூட்டுச் சேர்த்தாக வேண்டும். சேர்த்தார். டோனன்ஃபெல்டின் கணக்குப்பிள்ளை ஜேக் லீபோவிட்ஸும் கூடவே வந்தார். இதழ் 1937 மார்ச்சில் வந்தது. 1938இல் கம்பெனி திவால், மேஜர் வெளியே. அதே ஆண்டு 130 டாலருக்கு சூப்பர்மேனின் மொத்த உரிமையும் புதிய முதலாளிகளின் பைக்குள் போனது.

இரண்டு வரி என்றேன், இடம் தீர்ந்துவிட்டது. மேஜரை கியூபாவுக்கு உல்லாசப் பயணம் அனுப்பிவிட்டு, திரும்புவதற்குள் ஆபீஸ் பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதில் எவ்வளவு நிஜம் என்பதை அடுத்த வாரம் அலசுவோம்.

(தொடரும்)